தளர்ந்தாரைத் தாங்கும் அறம்



 

தசலட்சண பர்வத்தின் முதல் நாளாகிய உத்தம க்ஷமை நாளன்று, நெருப்பெரிச்சலில் எங்கள் இல்லத்தில் கூடிய சிராவகியர் சிலரிடம் நான் பேசியதையே இங்கு எழுதித் தருகின்றேன். அந்நாளில் பொறுமையின் பெருமையைப் பேசுவதே வழக்கம். நான் பேச எடுத்துக்கொண்டதோ, நம் வீடுகளில் எவரும் வாய்விட்டுப் பேசாத ஒன்று. ‘இனி வாழ்ந்து பயனில்லை’ என்று ஓர் உள்ளத்தில் எழும் எண்ணமே அது. பர்வ நாளில் இப்பேச்சு ஆகுமா என்று மூத்த சகோதரி ஒருவர் தயங்கினார். எறும்புக்கும் இரங்கும் தருமத்தைப் பெற்ற நாம், பக்கத்து அறையில் வாடும் உயிரைப் பற்றிப் பேச நாள் பார்க்கலாகாது என்று கூறித் தொடங்கினேன்.

முதலில் என் குற்றத்தைச் சொல்லிவிடுகிறேன். 1980களின் இறுதியில், ஓர் அரசுப் பள்ளியில் நான் ஆசிரியையாக இருந்தபோது, பத்தாம் வகுப்பு மாணவி ஒருத்தி மாலையில் வகுப்பு கலைந்த பின்னும் போகாமல் நின்றாள். “என்ன கண்ணு?” என்றேன். “டீச்சர், எனக்கு எதுவுமே வேண்டாம்னு தோணுதுங்க. இருந்து என்ன பண்ணப் போறேன்னு இருக்குதுங்க” என்றாள். ஆசிரியப் பயிற்சியில் குமரப் பருவத்து உளவியலைப் படித்துத் தேர்ந்தவள் நான். ஆயினும் அவ்வேளையில் என் வாயில் வந்தது, “அப்படியெல்லாம் பேசுவது பாவம். மனிதப் பிறவி எவ்வளவு அரிது தெரியுமா? போய்ப் படி” என்பதே. அவள் தலையசைத்துச் சிரித்துவிட்டுப் போனாள். அடுத்த வாரம் அவள் இல்லை.

நான் சொன்னதில் பொய்யில்லை. மானுடப் பிறவி அரிது என்பது நம் ஆகமம். ஆனால் மெய்யான ஒரு சொல்லை, கேட்க வேண்டிய நேரத்தில் சொல்லி, அவள் வாயை அடைத்துவிட்டேன். ‘என்ன நடந்தது?’ என்று ஒரு வினா அன்று நான் கேட்டிருக்கவேண்டும். அந்தக் கேளாத வினாவே இவ்வுரைக்குக் காரணம்.

ஆர்த்த தியானம் நான்கு

தியானம் நால்வகை என்றும், அவற்றுள் ஆர்த்தமும் ரௌத்திரமும் விலக்கத்தக்கன என்றும் நாம் சிறு வயதிலிருந்தே கேட்டு வருகிறோம். ஆர்த்த தியானம் என்பது துன்பத்திலேயே மனம் சுழன்று சுழன்று நிற்றல். உமாசுவாதி ஆசாரியர் தத்துவார்த்த சூத்திரத்தில் இதனையும் நான்காகப் பகுத்தார். வேண்டாதது வந்து சேர்தல் அநிஷ்ட சம்யோகம். வேண்டியதைப் பிரிதல் இஷ்ட வியோகம். நோயின் வலி வேதனை. வரவேண்டியதை எண்ணி ஏங்குதல் நிதானம். இந்நான்கிலும் மனம் சிக்கி, வேறு வழியே இல்லை என்று மயங்கும் நிலையே, தன்னுயிரைத் தானே மாய்க்கும் எண்ணத்தின் விளைநிலம்.

இக்கால ஆய்வாளர் நம் சூத்திரத்தைப் படித்து ஆராய்ந்தவரல்லர். எனினும் அவர் கண்டவை இந்நான்கிற்கும் எவ்வளவு அருகில் நிற்கின்றன என்பதைப் பாருங்கள். வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரியார் கணியம்பாடி ஒன்றியத்துச் சிற்றூர்களில் பல்லாண்டுகள் ஆராய்ந்தனர். ஊர்தோறும் உள்ள சுகாதாரப் பணியாளர், நிகழும் ஒவ்வொரு மரணத்தையும் குறித்துவைத்து, குடும்பத்தாரிடம் பொறுமையாகக் கேட்டுக் காரணம் அறிந்தனர். அவர்கள் 2010இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், ஓயாத மன நெருக்கடி, நாட்பட்ட வலி, தனியே வாழ்தல், நெருங்கிய உறவு அண்மையில் முறிந்தமை ஆகியவை இம்முடிவை நோக்கித் தள்ளும் காரணிகளாகக் காணப்பட்டன. அநிஷ்ட சம்யோகமும் வேதனையும் இஷ்ட வியோகமும் இவையே அன்றோ!

வயதுக்கேற்ற வடிவம்

இத்துன்பம் வயதுக்கு வயது வேறு உருவம் கொள்ளும்.

இளையோரை முதலில் காண்போம். கணியம்பாடியில் 1992 முதல் 2001 வரை, 10 வயது முதல் 19 வயது வரை உள்ளோரின் மரணங்களை ஆராய்ந்து, 2004இல் லான்செட் என்னும் மருத்துவ ஏட்டில் வெளியிட்டனர். ஆண்டுக்கு ஒரு லட்சம் பெண்பிள்ளைகளுக்கு 148 பேர், ஆண்பிள்ளைகளுக்கு 58 பேர் என்ற அளவில் தம்முயிரை மாய்த்துக் கொண்டிருந்தனர். அவ்வயதில் இறந்த பெண்பிள்ளைகளுள் பாதிக்கும் மேற்பட்டோர் இறந்தது இவ்வாறே. அதனைப் படித்தபோது என் மாணவியின் சிரிப்பு என் கண்முன் வந்தது. உலக சுகாதார நிறுவனமும், 15 முதல் 29 வயதுவரை உள்ளோரின் மரணத்திற்குரிய முதன்மைக் காரணங்களுள் தற்கொலையை மூன்றாவதாக வைத்துள்ளது.

இளமையில் மிகுவது நிதானம் என்னும் ஏக்கம். மதிப்பெண், விரும்பிய படிப்பு, விரும்பிய துணை ஆகிய ஒன்றில் தன் முழு உயிரையும் வைத்து, அது கைகூடாதபோது தானும் இல்லை என்று எண்ணுதல் அப்பருவத்தின் இயல்பு. பெரியவர்களாகிய நாம் அத்தீயில் நெய் ஊற்றாதிருக்கலாம். தமிழக அரசு 2017இல் பொதுத்தேர்வு முடிவுகளில் முதலிடம், இரண்டாமிடம் என்று அறிவிப்பதை நிறுத்தியது. தேறாதவர் ஓராண்டு காத்திராமல் சில வாரங்களிலேயே துணைத்தேர்வு எழுதவும் வழி உள்ளது. பள்ளிக்கூடமே இவ்வளவு இறங்கி வந்தபின், வீட்டுத் திண்ணையில் அமர்ந்து, “உன் மகள் எத்தனை மார்க்?” என்று நாம் கேட்பதை விடலாகாதா?

அடுத்து நடுவயதினர். தேசியக் குற்ற ஆவணக் காப்பகத்தின் கணக்குப்படி 2022இல் நம் நாட்டில் 1,70,924 பேர் இவ்வாறு மாண்டனர். தமிழகத்தின் பங்கு 19,834. மாநிலங்களில் மகாராஷ்டிரத்திற்கு அடுத்த இடம் நமக்கு. மாண்டவருள் ஏறத்தாழ மூன்றில் இரு பங்கினர் 18 வயதுக்கு மேல் 45 வயதுக்குள் உள்ளவர்கள். ஏறத்தாழ நால்வரில் ஒருவர் தினக்கூலி பெறுபவர். காரணங்களில் குடும்பப் பிரச்சினை முதலிலும் நோய் அடுத்தும் நின்றன.

இக்கணக்கைப் படிக்க நான் நூலகம் போகவேண்டியதில்லை. என் வீட்டு வாசலில் நின்றாலே போதும். இன்று திருப்பூர் மாநகராட்சிக்குள் சேர்ந்துவிட்ட நெருப்பெரிச்சலில், விடிந்தால் டிபன் பாக்ஸுடன் பனியன் கம்பெனிக்கு நடப்போரின் வரிசையைக் காணலாம். ஓவர்லாக் தைப்பவர், செக்கிங் செய்பவர், கைமடிப்பவர், அயர்ன் செய்பவர் என்று எத்தனையோ பேர். தென்மாவட்டங்களிலிருந்தும் வடமாநிலங்களிலிருந்தும் உறவைப் பிரிந்து வந்து, ஓர் அறையில் நால்வராய் ஐவராய்த் தங்கியிருப்போர் பலர். ஒன்றரை ஷிப்ட் வேலை, வாரக் கடைசியில் சம்பளம், அது வரும் முன்பே வாசலில் நிற்கும் வட்டிக்காரர். ஆர்டர் இருந்தால் அடுப்பு எரியும். 2011 ஜனவரியில், நொய்யல் மாசு வழக்கில் சென்னை உயர்நீதிமன்ற ஆணையால் எழுநூறுக்கும் மேற்பட்ட சாயப்பட்டறைகள் மூடப்பட்டபோதும், 2020இல் ஊரடங்கின்போதும், 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோதும், எங்கோ எடுத்த முடிவின் சூடு இவ்வீதி வீடுகளுக்குள் வந்து இறங்கியது. நதியைக் காப்பதும் அகிம்சையே, அதில் ஐயமில்லை. ஆனால் அந்நாட்களில் வேலையிழந்த மனிதன் தன்னைத் தவிர வேறு எவரையும் குற்றம் சொல்ல அறியாமல், இரவெல்லாம் விழித்திருந்தான் என்பதையும் மறக்கலாகாது.

மூன்றாவதாக முதியோர். இளைஞரைப் பற்றியே உலகம் கவலைப்படுகிறது. கணியம்பாடியிலோ, 55 வயதுக்கு மேற்பட்டோரிடையே ஆண்டுக்கு லட்சத்திற்கு 189 பேர் என்ற அளவு 2005இல் வெளிவந்த ஆய்வில் காணப்பட்டது. வலியும் தனிமையும் துணையை இழந்த துயரும் ஒன்றுசேரும் வயது அது. செஞ்சி, வந்தவாசி வட்டங்களில் உள்ள நம் பூர்வீகக் கிராமங்களை எண்ணிப் பாருங்கள். பிள்ளைகள் சென்னையிலும் வெளிநாட்டிலும் இருக்க, பெரிய வீட்டில் ஒரு தாய் மட்டும் விளக்கேற்றுகிறாள். ‘நான் யாருக்கும் பாரமாக இருக்கக்கூடாது’ என்று அவள் சொன்னால், அதைப் பெருந்தன்மை என்று பாராட்டிவிட்டுப் போகாதீர்கள். அருகில் அமர்ந்து, ஏன் அப்படித் தோன்றுகிறது என்று கேளுங்கள்.

சல்லேகனை இதுவன்று

இவ்விடத்தில் ஒரு வினா எழும். ‘நம் தருமம் சல்லேகனையை ஏற்கிறதே, அதுவும் இதுவும் ஒன்றல்லவா?’ என்று பிறர் கேட்கின்றனர். 2015 ஆகஸ்டில் இராஜஸ்தான் உயர்நீதிமன்றம் அதனைக் குற்றமெனத் தீர்ப்பளித்ததும், அம்மாதமே உச்சநீதிமன்றம் அத்தீர்ப்பை நிறுத்திவைத்ததும் நாம் அறிந்தவை. ஆயின் வழக்குமன்றத்தை விட நம் மனத்திற்குள்ளேயே இதில் தெளிவு வேண்டும்.

சமந்தபத்திர ஆசாரியர் இரத்தின கரண்டக சிராவகாசாரத்தில், உடலைக் காக்க ஒரு வழியும் இல்லாத இறுதி நிலைக்கே சல்லேகனையை வைத்தார். பகையும் பற்றும் விட்டு, எல்லாரிடமும் க்ஷமை வேண்டி, தெளிந்த உள்ளத்துடன் மேற்கொள்ளும் விரதம் அது. அவ்விரதத்தைக் கெடுக்கும் அதிசாரங்களுள், சாகவேண்டும் என்ற விருப்பமும் ஒன்று! கவனியுங்கள். ‘செத்துப்போனால் நன்று’ என்று எண்ணியவுடனேயே அவ்விரதம் பழுதுபட்டுவிடுகிறது. ஆகவே கடனாலும் அவமானத்தாலும் நோயாலும் நொந்து சாக விரும்பும் உள்ளத்திற்குச் சல்லேகனையின் பெயரைச் சூட்டுவது ஆகமத்திற்கே மாறு. நொந்த உள்ளத்திற்கு வேண்டியது விரதமன்று, மருந்தும் துணையும்.

மூன்று அங்கங்கள்

அத்துணையை எவ்வாறு அளிப்பது? சம்யக் தரிசனத்தின் எட்டு அங்கங்களை நாம் பாடமாக ஒப்பிக்கிறோம். அவற்றுள் உபகூஹனம், ஸ்திதிகரணம், வாத்சல்யம் என்ற மூன்றும் இதற்காகவே வைக்கப்பட்டன போலத் தோன்றுகின்றன.

உபகூஹனம் என்பது பிறர் தளர்ச்சியைத் தூற்றாது மறைத்தல். தன்னுயிரை மாய்க்க முயன்று பிழைத்தவரையும், அக்குடும்பத்தையும் நாம் எவ்வாறு நோக்குகிறோம்? கல்யாணப் பேச்சில் அதைக் கிளறுகிறோம். முன்பு சட்டமும் அவரைக் குற்றவாளியாக்கியது. காவல் நிலையத்திற்கு அஞ்சியே மருத்துவமனைக்குப் போகாத குடும்பங்களை நான் கண்டிருக்கிறேன். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம், அவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கொண்டு, தண்டனையை விலக்கிச் சிகிச்சை அளிப்பதை அரசின் கடமை ஆக்கியது. சட்டம் கற்ற இந்த உபகூஹனத்தை, நூற்றாண்டுகளாக அதனை ஓதிவரும் நாம் கற்க வேண்டாமா? ஆனால் ஒன்று: தூற்றாமை வேறு, ஆபத்தை ஒருவருக்கும் சொல்லாமல் பூட்டி வைத்தல் வேறு. உயிருக்கு ஆபத்து என்று தெரிந்தால், ‘யாரிடமும் சொல்லாதே’ என்ற வாக்கைக் காப்பது அறமாகாது.

ஸ்திதிகரணம் என்பது தளர்ந்தவரை மீண்டும் நிலைநிறுத்தல். வாரிஷேண முனிவரின் கதை உங்களுக்குத் தெரியும். துறவேற்ற பின்னும் இல்லத்தையே எண்ணி மனம் தளர்ந்த நண்பர் புஷ்பதாலரை, அவர் நீண்ட நீதியுரையால் திருத்தவில்லை. கூடவே அழைத்துச் சென்று, அவர் தாமே தெளியும்படி செய்தார். கூட நடத்தல்தான் ஸ்திதிகரணம்.

நேராகக் கேட்டால் இல்லாத எண்ணத்தை நாமே விதைத்துவிடுவோமோ என்று பலர் அஞ்சுகின்றனர். அவ்வாறு கேட்பதால் அவ்வெண்ணம் தோன்றுவதில்லை என்பதே ஆய்வுகளின் முடிவு. ஒளித்து வைத்த பாரத்தை இறக்க ஓர் இடம் கிடைத்தது என்ற ஆறுதலே பெரும்பாலும் விளையும்.

2025இல் ஆர்டர் குறைந்து வேலை சுருங்கிய நாட்களில், எங்கள் வீதியில் டெய்லர் வேலை பார்க்கும் பெண் ஒருத்தி, இரவல் வாங்கிய பாத்திரங்களை எல்லாம் திருப்பித் தந்தாள். தனக்குப் பிடித்த புடவையை உடன் வேலை செய்பவளிடம் கொடுத்து, “இனி இது எனக்கெதுக்கு” என்றாளாம். செய்தி என் காதில் விழுந்தது. முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் சுமந்த பாரம் என்னை எழுப்பி நடத்தியது. அவளிடம் போய் உட்கார்ந்தேன். “கண்ணு, செத்துப்போகலாம்னு நினைக்கிறயா?” என்று நேரே கேட்டேன். நெடுநேரம் பேசவில்லை. பிறகு, “ஆமாங்க டீச்சரம்மா” என்று சொல்லி அழுதாள். பாவம் புண்ணியம் ஒன்றும் நான் பேசவில்லை. கேட்டுக்கொண்டே இருந்தேன். அன்றிரவு அவளைத் தனியே விடவில்லை. அவள் அக்காளை வரவழைத்தோம். 14416 என்ற அரசு எண்ணுக்குப் பேசினோம். மறுநாள் அக்காளும் நானும் அரசு மருத்துவமனையின் மனநல மருத்துவரிடம் அழைத்துச் சென்றோம். கடன்காரரிடம் தவணை பேச அவள் அண்ணன் வந்தார். அவள் இசைவு பெற்றே இதை எழுதுகிறேன். இன்று அவள் மீண்டும் ஓவர்லாக் மெஷினில் அமர்ந்திருக்கிறாள்.

வாத்சல்யம் என்பது கன்றைப் பசு நாடுவது போன்ற அன்பு. பசு கன்றை ஒருமுறை நக்கிவிட்டுப் போய்விடுவதில்லை. உலக சுகாதார நிறுவனம் சென்னை, கொழும்பு உள்ளிட்ட ஐந்து நாட்டு ஊர்களில் நடத்திய ஓர் ஆய்வு 2008இல் வெளிவந்தது. உயிர்மாய்க்க முயன்று மருத்துவமனைக்கு வந்த 1,867 பேரில், ஒரு பாதியினருக்கு வழக்கமான சிகிச்சை அளித்தனர். மறுபாதியினருடன் கூடுதலாக ஒரு மணிநேரம் அமர்ந்து பேசினர். பின்னர் 18 மாதங்களில் ஒன்பது முறை, நேரிலோ தொலைபேசியிலோ நலம் விசாரித்தனர். அவ்வளவே. முன்னவருள் தற்கொலையால் இறந்தோர் நூற்றுக்கு 2.2; பின்னவருள் 0.2. ‘எப்படி இருக்கிறாய்?’ என்ற ஒன்பது விசாரிப்புகள் இத்தனை உயிரைத் தாங்கின என்றால், வாத்சல்யத்தின் ஆற்றலுக்கு வேறு சான்று வேண்டுமோ? அதைப் படித்த பின் நானும் அப்பெண்ணின் வீட்டுக்குப் போகும் நாட்களை நாட்காட்டியில் குறித்துவைத்தேன். ஒன்பதைத் தாண்டிவிட்டது, இன்னும் போகிறேன்.

பிரமாதம் என்னும் கவனக்குறைவே இம்சையின் வாயில் என்று நாம் கற்றுள்ளோம். மனம் தளர்ந்தவர் உள்ள வீட்டில் ஆபத்தான பொருள் கைக்கெட்டும்படி இருப்பதும் பிரமாதமே. கடலூர் மாவட்டம் காட்டுமன்னார்கோயில் பகுதியில், சிற்றூர் மக்கள் தம் பூச்சிமருந்தை வீட்டில் வையாது பொதுவிடத்தில் பூட்டிவைக்க ஏற்பாடு செய்து பார்த்ததில், உயிரிழப்பு குறைந்தது என்று 2013இல் வெளியான ஆய்வு கூறுகிறது. அக்கொடிய எண்ணம் அலைபோல் உயர்ந்து தணிவது. தணியும்வரை தடையும் துணையும் இருந்தால் உயிர் தப்பும்.

சுடுகாட்டில் வந்த தோழி

இறுதியாக, நம் திருத்தக்கதேவர் அருளிய சீவக சிந்தாமணியை நினைவூட்டுகிறேன். ஏமாங்கத நாட்டரசி விசயை, கட்டியங்காரன் சூழ்ச்சியால் நாடும் கணவனும் இழந்து, மயிற்பொறியில் தப்பி, சுடுகாட்டில் இறங்கி, அவ்விரவிலே சீவகனை ஈன்றாள். ஆர்த்த தியானத்தின் நான்கும் ஓரிரவில் அவள்மேல் வந்து விழுந்தன. ‘இனி என்ன?’ என்ற அந்த நேரத்தில், ஒரு தெய்வம் அவள் தோழி சண்பகமாலையின் உருவம் கொண்டு வந்து தேற்றியதாகக் காவியம் கூறும். தெய்வம் தன் ஒளியுருவில் வந்து தருமோபதேசம் செய்திருக்கலாமே! பழகிய தோழியின் முகத்தோடு வந்ததே, அதில்தான் பொருள் உள்ளது. பிற்காலத்தில் மகன் அரியணை ஏறியதைக் கண்டு, பின் துறவு பூண்டாள் அத்தாய். அந்த ஓர் இரவை அவள் கடக்க ஒரு தோழி வேண்டியிருந்தாள்.

உயிர்கள் ஒன்றுக்கொன்று உதவுதலே உயிரின் இயல்பு என்கிறது தத்துவார்த்த சூத்திரம். இதைப் படிக்கும் உங்களுள் எவரேனும் அவ்விரவில் நிற்கிறீர்களாயின், உங்கள்மேல் கோபமோ குற்றச்சாட்டோ எனக்கில்லை. வினையின் உதயம் எதுவும் நிலையானதன்று, வந்தது கழியும். அதுவரை தனியே இராதீர்கள். இன்றே ஒருவரிடம் சொல்லுங்கள். 2022 அக்டோபரில் தொடங்கிய அரசின் டெலி மானஸ் 14416 என்ற எண்ணில் இரவும் பகலும் தமிழிலேயே பேசலாம், கட்டணம் இல்லை. 104 என்ற எண்ணும் உண்டு. 1986 முதல் சென்னையில் இப்பணி செய்துவரும் சிநேகா அமைப்பின் எண் 044-24640050. சொன்னால் பாவம் என்று எவர் கூறினாலும் நம்பாதீர்கள். அவ்வாறு கூறியவள் ஒருத்தி இன்று அதைத் திரும்பப் பெறுகிறாள்.

க்ஷமை நாளில் எல்லா உயிர்களிடமும் மன்னிப்பு வேண்டுகிறோம். நான் அன்று, வகுப்பு கலைந்த பின் நின்ற அந்தப் பிள்ளையிடம் வேண்டிக்கொண்டேன். இனி ஒருவர் என் வாசலில் தயங்கி நின்றால், உபதேசத்திற்கு முன் ஒரு பாயை விரித்து உட்காரச் சொல்வேன் என்பது நான் ஏற்ற நியமம். இயன்றவர் நீங்களும் ஏற்பீர்களாக.

அறம் வளர்க! எல்லா உயிரும் இன்புறுக!